சொந்த மைதானம் இல்லாத அணி

மணப்பாட்டில் நான் வளர்ந்த காலத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம் என்றால் கால்பந்துதான். உலர்ந்த மணலில் கிரிக்கெட் பந்து எழும்பாது. அலை வடிந்து ஈரமணல் இறுகிக் கிடக்கும் சிறு பொழுதில் மட்டும் மட்டையை எடுப்போம். கடல் ஏறினால் ஆட்டம் முடிந்தது. எங்கள் மாவட்டத்தின் பெயரில் ஆடி மறைந்த ஓர் அணியை எண்ணும்போதெல்லாம் அந்த ஈரமணல்தான் நினைவில் எழுகிறது.

2016இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தமிழ்நாடு பிரீமியர் லீகைத் தொடங்கியபோது இருந்த எட்டு அணிகளுள் ஒன்று டூட்டி பேட்ரியாட்ஸ். ஐரோப்பியர் நாவில் சிதைந்த ஊர்ப்பெயரின் பாதியோடு 'தேசபக்தர்கள்' என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. வ.உ.சி. கப்பலோட்டிய ஊருக்கு அது பொருந்துவதாகவே எனக்குத் தோன்றியது.

அவ்வாண்டு திருச்சிலுவைத் திருவிழா முடிந்த நான்காம் நாள் இறுதியாட்டம். அக்காள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் தெருப்பிள்ளைகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். தினேஷ் கார்த்திக் தலைமையில் நம் அணி சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ஓட்டங்களில் வென்றது. பன்னிரண்டு வயது மருமகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்: "மாமா, நம்ம டீமு தூத்துக்குடில எப்ப வெளயாடும்?"

என்னிடம் பதில் இல்லை. ஆட்டங்கள் நடந்தவை சென்னை, நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர் ஆகிய இடங்களில். நெல்லைக்கு மைதானம் இருந்தது, அணி இல்லை. தூத்துக்குடிக்கு அணி இருந்தது, மைதானம் இல்லை. "அது முதலாளி வாங்கிய அணியடா, நம்முடையதல்ல" என்றேன். உண்மைதான், ஆனால் அவன் முகம் வாடியதைக் கண்டபின் அதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்றிருந்தது.

2017இல் அணி இறுதியாட்டத்தில் தோற்றது. எனினும் 459 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் எடுத்த வாஷிங்டன் சுந்தர் தொடர்நாயகனாகி, அவ்வாண்டு டிசம்பரிலேயே இந்திய அணிக்குள் நுழைந்தார். அதன்பின் கோப்பை இல்லை. 2020இல் கொரோனாவால் தொடர் நடக்கவில்லை. 2021இல் பட்டியலைப் பார்த்தால் டூட்டி இல்லை. அவ்விடத்தில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ். நெல்லைக்கும் அவ்வாண்டே ஓர் அணி வாய்த்தது. எங்களுக்கு விடையாட்டம்கூட இல்லை.

1906இல் தோன்றிய சுதேசிக் கப்பல் நிறுவனமும் 1911இல் கலைக்கப்பட்டதுதான். அதன் ஆயுளும் ஏறத்தாழ இவ்வளவே. ஆயினும் அதை இன்றும் 'நம் கம்பெனி' என்கிறோம். இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாக அதில் மக்களின் பணம் இருந்தது. இந்த அணியில் நாங்கள் இட்ட முதல் ஏதுமில்லை என்றே நெடுநாள் வாதிட்டு வந்தேன்.

மருமகன் இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான். சென்ற கிறிஸ்துமசுக்கு வந்தவன் பரணிலிருந்து தன் பழைய மட்டையை இறக்கினான். அதன் முதுகில் நீலச்சாயத்தில் 'டூட்டி' என்று கோணலாக எழுதியிருந்தது. நான்கு கோடைகளின் மாலைப்பொழுதுகளை அவன் அந்த அணிக்குக் கொடுத்திருக்கிறான். அதுவும் பங்குத்தொகைதான் என்று அன்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே மட்டையைத் துடைத்தான். பிறகு அலை வடிந்திருக்கிறதா என்று பார்க்க இருவரும் கரைக்குப் போனோம்.