பிஸ்கட் டப்பாவில் ஒரு தகடு

எங்கள் வாசகர் வட்டத்துக்கென்று ஒரு நூலகம் தொடங்கத் தீர்மானித்தபோது எங்களிடம் புத்தகங்கள் இருந்தன, அலமாரிகள் இல்லை. கடையில் விலை விசாரித்துவிட்டுத் திரும்பிய அன்றிரவு, நாமே செய்துவிட்டால் என்ன என்று எங்களில் யாரோ கேட்டார். கேட்டது யார் என்று இன்று ஒருவருக்கும் நினைவில்லை. பின்னர் நடந்ததைக் கருதினால் அந்த மறதி இயல்பானதுதான்.

பாளையங்கோட்டையில் பயன்பாடற்றுக் கிடந்த ஒரு நெல் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்தோம். நால்வர் பங்கு போட்டு ஒரு மேசை ரம்பம் வாங்கினோம். மேசையின் நடுப்பிளவிலிருந்து பத்து அங்குல பிளேடின் மேற்பகுதி மட்டும் எட்டிப் பார்க்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்று. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மூத்தவர் அன்றே பென்சிலை எடுத்துக் கணக்கிட்டார்: பல் ஒவ்வொன்றும் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்தோம். எழுதி வைத்ததோடு அதை மறந்தும் போனோம்.

பழைய தமிழில் ரம்பத்துக்கும் வாள் என்றே பெயர். மரம் அறுப்பது ஈர்வாள். எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசாரி அண்ணாச்சியின் வீட்டில் அவருடைய தாத்தாவின் கைவாள் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு இன்றும் இருக்கிறது. கைவாள் தவறினாலும் தோலைக் கிழிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். வலித்ததும் கை தானாக நின்றுவிடுகிறது அல்லவா? மோட்டாருக்கு வலி கிடையாது. இதை நாங்கள் அப்போது இப்படி யோசிக்கவில்லை. புதிய இயந்திரத்தின் ஓசையில் எங்களுக்கு ஒருவிதக் கிறக்கமே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விபத்து 2016இல், ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், மாலை ஐந்தரை மணிக்கு நடந்தது. மூன்று அலமாரிகள் முடிந்திருந்தன. தட்டுகளின் முன்விளிம்பில் ஒட்டுவதற்குப் பூவரசுப் பலகையிலிருந்து ஓரங்குலப் பட்டைகள் அறுத்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பட்டை. ரம்பத்தின் முன் நின்றவர் வாத்தியார். பாதி தூரம் சென்ற பலகை திடீரென்று உறுமியது, எழும்பியது, அவருடைய வயிற்றில் மோதி, கிட்டங்கியின் மறுகோடிச் சுவர்வரை பறந்தது. பலகையின் மேல் அழுத்தியிருந்த இடக்கை, பிடிமானம் காணாமல் போன அந்த நொடியில் பிளேடின் மேல் விழுந்தது. ஆள்காட்டி விரலின் முதல் கணு போயிற்று.

எங்களில் ஒருவர் துண்டான விரலைத் தேடி எடுத்தார். இன்னொருவர் எதிர்ச்சாரியில் இருந்த சர்பத் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கி வந்தார். விரலை ஐஸின் மேல் அப்படியே வைத்தோம். மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, நேரடியாக ஐஸில் வைத்தது யார் என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகப் பட்டால் தசை உறைந்து கெட்டுவிடும் என்று அவர் விளக்கினார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டோ என்னவோ, கத்தி வெட்டினால் கோடு, ரம்பம் அறுத்தால் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு எலும்பே இல்லாமல் போய்விடும், எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் இதை ஒட்டவைப்பது கடினம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். அது உண்மையா, கருணையா என்பதை நாங்கள் இன்றுவரை தீர்மானிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கினோம். தேதி, கருவி, நிகழ்ந்தது, காரணம் என்று நான்கு பத்திகள் கோடு போட்டோம். காரணம் என்ற பத்தியில், வாத்தியார் சொல்லச் சொல்ல, 'கவனக்குறைவு' என்று எழுதினோம். கையெழுத்து எங்களுடையது, சொல் அவருடையது. கடைசிப் பட்டை, களைப்பு, வீட்டு ஞாபகம் என்று அவரே காரணங்களை அடுக்கினார். நாங்கள் தலையாட்டினோம்.

பிறகு அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு மரப்பட்டறைகளாக ஏறி இறங்கினோம். அதைப் படிப்பு என்று சொல்லிக்கொண்டோம். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தச்சர்கள் முன்னால் போய் நின்று, கையைக் காட்டுங்கள் அண்ணாச்சி என்றால் போதும், கதை வந்துவிடும். மார்பிள் கட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பிளைவுட்டின் அடியில் முடுக்கி, மேலே துளைபோட்டுப் பிளேடை நீட்டி, அதையே மேசை ரம்பமாக்கி வைத்திருந்த ஒருவர் கட்டைவிரலின் நுனியைக் கொடுத்திருந்தார். கல் அறுக்கப் பிறந்த கருவி அது; 110 மில்லிமீட்டர் பிளேடு, 13,000 சுற்று. எங்கள் சுவரில் எழுதியதைவிட வேகம், ஏறக்குறைய 270 கிலோமீட்டர். இன்னொருவர் பாதுகாப்புக்கென்று கையுறை அணிந்து டிரில் பிடித்தவர். நூல் சுற்றிக்கொள்ள, மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. சுழலும் கருவியின் முன் கையுறை ஆகாது என்பது எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டியவரின் தொடைத் தழும்பைப் பார்த்த பின்னர் எங்களில் ஒருவர் அன்று சாப்பிடவில்லை. பிளக்கைப் பிடுங்காமல் பிளேடு மாற்றியவர். சுவிட்சை அணைத்த பிறகும் சில விநாடிகள் ஓடுகின்ற பிளேடின் அருகே கிடந்த துண்டை விரலால் தள்ளப் போனவர். ரக்ஷைக் கயிறு மாட்டியவர். ஒவ்வொரு கதையின் முடிவிலும் சொன்னவரே, "என் கவனக்குறைவு தம்பி" என்றார். நாங்களும் நான்காவது பத்தியில் அதையே எழுதினோம். எழுதுவதற்குச் சௌகரியமான சொல் அது. அதை எழுதிவிட்டால் அடுத்த கேள்வி எழுவதில்லை.

2019இல் ஒரு நாள், ஆறாம் நம்பர் ஆலன் சாவியைத் தேடி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தோம். ஆணி, வாஷர், பழைய பிளேடு ஆகியவற்றோடு ஒரு எஃகுத் தகடும் விழுந்தது. பிறை போன்ற வளைவு; ஓரத்தில் கம்பெனி பெயிண்ட் கூடத் தேயவில்லை. சிறிது நேரம் அது என்னவென்றே விளங்கவில்லை. விளங்கியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம்.

மேசை ரம்பத்தில் பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்தியபடி அறுக்கின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. நேராக வளர்ந்த மரத்தில் இதனால் தொல்லையில்லை. பூவரசு கோணி வளரும் மரம். வளைந்த கிளையின் பலகைக்குள் இழுவிசை ஒடுங்கிக் கிடக்கும். அறுக்க அறுக்க அது விடுபட்டு, அறுத்த பிளவு பின்னால் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்ட மரத்தைப் பின்பக்கப் பற்கள் கவ்வி, தூக்கி, நிற்பவர்மேல் எறியும். இது நிகழாமலிருக்கவே பிளேடுக்குச் சற்றுப் பின்னால், அறுப்புப் பிளவைவிட மெல்லியதாக அந்தத் தகடு நிற்கிறது. பிளவு மூடவிடாது. அதன் வேலை அவ்வளவுதான்.

எங்கள் இயந்திரத்தில் பிளேடின் மேல்மூடியும் அந்தத் தகட்டோடு இணைந்தது. தட்டுகளைப் பொருத்தப் பக்கப் பலகைகளில் காடி வெட்ட வேண்டியிருந்தது. காடி மரத்தின் முழுக் கனத்தையும் அறுப்பதல்ல, தகடு இடிக்கும். ஆகவே கழற்றினோம். மாட்டுவதற்கு இரண்டு திருகு, நான்கு நிமிடம். மாட்டவில்லை. கழற்றிய கை யாருடையது என்பது, இந்த முறை, எங்களில் ஒருவருக்கேனும் நினைவிருந்தே தீர வேண்டும்.

பொறுப்பைக் கருவியின்மேல் போடுகிறீர்களா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர், பௌதிகத்தில் முனைவர் பட்டம் பெற்ற காப்புரிமை வழக்கறிஞர், 1999இல் ஒன்றை யோசித்தார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்துகிறது, உலர்ந்த மரம் அவ்வளவாகக் கடத்துவதில்லை. பிளேடில் சிறு மின்குறியை ஓடவிட்டால், தோல் பட்டதும் குறி மாறுவதைக் கொண்டு பிளேடை நிறுத்திவிடலாம். அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து பற்களில் சிக்கி ஐந்து மில்லிவிநாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். முதலில் ஹாட்டாக் எனும் இறைச்சித் துண்டிலும், பிறகு சொந்த மோதிர விரலிலும் அவர் சோதித்துக் காட்டினார். பெரிய கம்பெனிகள் வாங்கத் தயங்கவே தாமே தொழிற்சாலை தொடங்கினார். சாஸ்டாப் என்ற அந்த ரம்பம் 2004இல் விற்பனைக்கு வந்தது. அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில் மேசை ரம்பத்தால் காயமடைந்து சிகிச்சைக்கு வருவோர் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர். அத்தனை பேரையும் கவனமற்றவர்கள் என்று காஸ் எண்ணியிருந்தால் அந்த அலுமினியக் கட்டை பிறந்திராது. அதை வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. அதுவும் இலவசமாக.

தகட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனோம். மூன்று ஆண்டுகளாக அவர் பேரப்பிள்ளைகளிடம் தன் விரலைக் காட்டி, கவனமில்லாவிட்டால் இப்படி ஆகும் என்று சொல்லிவருவது எங்களுக்குத் தெரியும். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். தகட்டைக் குறைவிரலால் தடவிப் பார்த்தார்.

"திருகு இருக்கா?"

இல்லை என்றோம்.

"ஆறு எம்எம்மா இருக்கும். நாளைக்கே வாங்கிருங்க."

பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, நான்காவது பத்தியில் இருந்த சொல்லை ஒரே கோட்டில் அடித்தார். அதன் கீழே, கரும்பலகையில் எழுதும் அதே வட்ட எழுத்தில், 'தகடு இல்லை. கோணல் பூவரசு. தள்ளுகட்டை எடுக்கவில்லை, அது நான்' என்று எழுதினார். கழற்றியவர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டுப் பேனாவை எங்கள் பக்கம் நீட்டினார்.