அழிந்து போன தாலாட்டு

1984-ல் நானும் என் கணவரும் அம்மாவும் கைக்குழந்தையோடு மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் வந்தோம். மடியில் குழந்தை, காலடியில் டேப் ரெக்கார்டர்! அப்போதெல்லாம் ரயிலில் ஒருத்தர் பாட்டுப் போட்டால் பெட்டியே கேட்கும். "எம்.எஸ்.வி. பாட்டு இருக்காம்மா?" என்று முன்பின் தெரியாதவர்கள்கூட உரிமையாகக் கேட்பார்கள்.

திண்டுக்கல் தாண்டியதும் குழந்தை வீறிட்டது. அம்மா தாலாட்டு ஆரம்பித்தாள். இவர் சத்தமில்லாமல் பதிவுப் பொத்தானை அழுத்தினார். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் தீரும்வரை, ரயில் சத்தத்தோடு அம்மாவின் குரலும் பதிவானது.

அதைப் பத்திரமாக வைத்தேனா? இரண்டே வருஷத்தில் அதன்மேல் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டேன். கேசட்டின் முதுகிலுள்ள சின்னத் துண்டை உடைத்திருந்தால் மறுபடி பதிய முடியாது, அழிந்திருக்காது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. அம்மா காலமான பிறகு தேடினால் கிடைக்குமா?

போன வருஷம் அதே ரயிலில் பேத்தி அழுதாள். மகள் செல்போனில் ஏதேதோ பாட்டுப் போட்டும் அடங்கவில்லை. "நீ பாடேன்மா" என்றாள். சுற்றிலும் எல்லார் காதிலும் இயர்போன், எனக்கோ கூச்சம். மெல்ல ஆரம்பித்தேன். என்ன ஆச்சரியம்! அம்மா பாடிய அடிகள் ஒவ்வொன்றாக வந்தன. பேத்தி கண்ணயர்ந்தாள். எதிர் சீட்டுப் பையன் இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

மகள் அதைப் பதிவு செய்திருக்கிறாள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாடுவதையும் இன்றைக்கே பதிவு செய்து, இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல் ஏமாறாதீர்கள்!