இடம் பெயராப் பாறை

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2020ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று வெளியிட்ட நிகழ்பட விளையாட்டு, ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’. இதில் ஆடுபவர் ஆளரவம் குறைந்த தீவொன்றில் குடியேறி, அதனை ஊராக்குகிறார். பழம் உண்டு வலிமை பெற்றால், மரத்தை வேரோடு அகழ்ந்து வேறிடத்தில் நடலாம். பணம் செலுத்தி வீட்டையும் இடம் மாற்றலாம். பாறையை மட்டும் பெயர்த்து வைக்க இயலாது.

வீட்டு வாயிலை மறைக்கும் பாறை சிறுமி ஒருத்திக்குச் சினமூட்டலாம். பழம் உண்டபின் அதனை அவள் உடைக்கலாம். எனினும், மறுநாள் அது வேறோரிடத்தில் முளைக்கும். பாறைகளே வேண்டா எனவும் இயலாது. கருவி செய்வதற்குரிய இரும்பு அவற்றிலிருந்து கிடைக்கிறது.

தேர்ந்தோர் இதற்கொரு வழி கண்டனர். பாறை வேண்டாத நிலமெங்கும் தரைவிரிப்பு வடிவங்களைப் பரப்பினர். வேண்டிய இடங்களை மட்டும் வெறுமையாக விட்டனர். ஆறு பாறைகளையும் உடைத்தபின், நாளுக்கு ஒன்றாக அவை அவ்விடங்களிலேயே தோன்றின. அந்த ஆறு நாள்களும் காத்திருக்கத்தான் வேண்டும்.

மரம் தூக்கிச் சென்ற இடத்தில் வேர்விடுகிறது. பாறையோ, ஒழித்து வைத்த இடத்திற்குத் தானே வந்து சேர்கிறது. முன்னதற்கு வலிமை போதும். பின்னதற்குப் பொறுமையும் வேண்டும்.