அறுபத்தொன்றாவது குழந்தை

ஏப்ரல் 29, 2025, செவ்வாய்

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கான இணையதளம் இன்னும் திறக்கவில்லை. போன வருடம் இதே நேரத்தில் விண்ணப்பங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்றிய அரசு 2024-25க்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா பங்கு 2,152 கோடி ரூபாய் வரவில்லை, தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பது காரணம். கொள்கைச் சண்டையில் எந்தப் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஓசூரில் மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கிற குடும்பங்கள், அந்த இடத்தை நம்பித்தான் எல்.கே.ஜி. கணக்குப் போட்டிருந்தன. அந்த வழி அடைபட்டதும், இத்தனை வருடம் யாரும் அக்கறையாகக் கேட்காத கேள்வி எழுந்திருக்கிறது: தெருமுனையில் இருக்கிற அரசுத் தொடக்கப் பள்ளி எப்படி? “பரவாயில்லை” என்று ஒரு பதில், “வேண்டவே வேண்டாம்” என்று ஒரு பதில். இரண்டுக்கும் ஆதாரம் கேட்டால் சுவரின் வண்ணத்தையும் கழிப்பறையின் கதவையும் சொல்கிறார்கள். ஒரு பள்ளியை எதை வைத்து எடைபோடுவது என்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

மே 2, வெள்ளி

கட்டடத்தை மட்டம்தட்ட வேண்டாம். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் பெண் குழந்தை மதியம்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது பாடத்தையும் கெடுக்கும், உடம்பையும் கெடுக்கும். ஆனால் இந்த விவரங்களைத் தெரிந்துகொள்வது எளிது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. அதை வைத்து வகுப்பறை எத்தனை, ஆசிரியர் எத்தனை பேர், மாணவர் எத்தனை பேர் என்று கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். அங்கே கிடைக்காத ஒன்று, அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பது. பெற்றோருக்கு வேண்டியதோ அதுதான்.

மே 9, வெள்ளி

நேற்று பிளஸ் டூ முடிவு. பாகலூர் சாலை நெடுக ஃப்ளெக்ஸ். ஐந்து வயதுக் குழந்தையின் பெற்றோருக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை.

மே 12, திங்கள்

ஆனாலும் அந்த ஃப்ளெக்ஸ்கள்தான் முடிவெடுக்க வைக்கின்றன. நல்ல மதிப்பெண் வருகிற பள்ளி நல்ல பள்ளி என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று, நமக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 2008ல் தொடங்கி, அரசுப் பள்ளிக் குழந்தைகளில் தனியார் பள்ளிக்குப் போக விரும்பியவர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துக் கட்டணத்தைக் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, குலுக்கலில் வென்று தனியார் பள்ளிக்குப் போன குழந்தைகளுக்கும் வெல்லாத குழந்தைகளுக்கும் தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் போனவர்கள் நன்றாகச் செய்தார்கள். அரசுப் பள்ளியில் அந்த வகுப்புகளில் இந்தி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் தனியார் பள்ளிகளின் மதிப்பெண் உயரமாகத்தான் தெரிந்தது. அந்த உயரத்தில் பெரும்பங்கு படித்த அம்மாவும் டியூஷனும் வீட்டில் இருக்கிற நாலு காசும் கொடுத்தது என்பதைக் குலுக்கல் காட்டிக்கொடுத்தது.

மறுப்பு வரும் என்று தெரியும். அவை கிராமத்துச் சின்ன தனியார் பள்ளிகள், ஓசூரின் பெரிய பள்ளிகளோடு ஒப்பிட முடியுமா? முடியாது. அதே பள்ளிகள் அரசு செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் அதே பலனைக் கொடுத்தன என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அரசுப் பள்ளி ஜெயித்த கதையாக இதைத் திரித்துச் சொல்லக் கூடாது. எனக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று. பள்ளியின் முதல் மாணவரைப் பார்த்தால் அந்தப் பிள்ளையின் வீடு தெரியும், பள்ளி தெரியாது. பள்ளி தெரிய வேண்டுமானால், வீட்டிலிருந்து ஒரு உதவியும் கிடைக்காத குழந்தையைப் பார்க்க வேண்டும். அந்தக் குழந்தைக்குத் தெரிவதெல்லாம் பள்ளி கொடுத்தது.

மே 13, செவ்வாய்

மூன்றாம் வகுப்பு. அங்கேதான் பார்க்க வேண்டும். இரண்டு வருடப் படிப்பு முடிந்திருக்கும்.

மே 19, திங்கள்

ஓசூரில் இந்த அளவுகோலுக்குக் கூடுதல் நியாயம் இருக்கிறது. இங்கே ஒரே வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிற குழந்தை, கன்னடம் பேசுகிற குழந்தை, உருது பேசுகிற குழந்தை, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளியின் குழந்தை என்று உட்கார்ந்திருக்கும். தெலுங்கு, கன்னட, உருது வழி அரசுப் பள்ளிகளும் இந்தப் பக்கம் உண்டு. ஆனாலும் 2006ன் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு எல்லாருக்கும் தமிழ் ஒரு பாடம். வீட்டில் ஒடியா, தெருவில் இந்தி, பள்ளியில் தமிழ் என்று வளர்கிற ஏழு வயதுப் பெண், கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறியாவது படித்து, என்ன நடந்தது என்று சொல்லிவிட்டால், அந்த ஆசிரியருக்கு வாசிக்கக் கற்பிக்கத் தெரிகிறது. அதே ஆசிரியரிடம் தமிழ் வீட்டுக் குழந்தை தோற்றுப்போக வழியில்லை.

“என் பிள்ளையைச் சேர்க்கத்தானே பள்ளி தேடுகிறேன், கடைசி வரிசைப் பிள்ளையைப் பற்றி எனக்கென்ன?” என்று ஒரு தகப்பன் கேட்டால் அதில் தப்பில்லை. பதில் இதுதான். ஐந்து வயதில் எந்தப் பிள்ளை எதில் பின்தங்கும் என்று யாருக்கும் தெரியாது. வாசிப்பில் ஓடுகிற குழந்தை கழித்தலில் கடன் வாங்குகிற இடத்தில் நின்றுவிடலாம். நின்றுபோன குழந்தையைக் கவனித்துக் கைதூக்கிவிடுகிற பழக்கம் அந்த வகுப்பறைக்கு உண்டா என்பதுதான் எல்லாப் பெற்றோருக்குமான காப்பீடு.

அறிமுகமில்லாத பெரியவர்கள் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிச் சோதிப்பது சரியா என்ற கேள்வியும் நியாயமானது. சோதிக்கவே வேண்டாம். 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அவரவர் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். போன வருடம் ஜூனில் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஏப்ரலுக்குள் மேலே வந்தார்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டால் போதும். குழந்தைகளைப் பற்றித் தெரிந்தவர் பேர் சொல்லிச் சொல்லிப் பதில் சொல்வார். அறையைச் சுற்றிச் சுவரில் குழந்தைகளின் உயரத்துக்குக் கரும்பலகைப் பட்டை ஓடும், செயல்வழிக் கற்றல் காலத்தில் வந்தது. அதில் சாக்பீஸ் எழுத்து இருக்கிறதா, அழித்து அழித்து எழுதிய வெண்மை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்தது போலப் பளபளவென்று இருந்தால் அதில் யாரும் எழுதுவதில்லை.

மே 20, செவ்வாய்

குழந்தைகளின் வாசிப்பை அளக்கிற ஏசர் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தமிழகக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018ல் 10.2 சதவீதம், 2022ல் 4.8. கொரோனாவில் மூடிக் கிடந்த பள்ளிகளின் கணக்கு அது. 2024ல் இரட்டிப்புக்கும் மேலே ஏறியிருக்கிறது. ஏறிய பிறகும் குறைவுதான். இந்த எண்ணிக்கையில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அடக்கம்.

ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளி திறப்பு. காலை உணவும் இன்றிலிருந்து மறுபடி. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது. ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்புகிற அம்மாவுக்கு இதன் அருமை தெரியும்.

இதுவரை எழுதியதில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போயிருக்கிறது. பெற்றோர் பள்ளியை எடைபோடும்போது பள்ளி சும்மா இருப்பதில்லை; அந்த முடிவால் அதுவும் மாறுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. ஆகஸ்ட் 1 அன்று இருக்கிற எண்ணிக்கையை வைத்துப் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். ஈராசிரியர் பள்ளி என்றால் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர்; எமிஸ் பதிவு, அலுவலகக் கூட்டம், சத்துணவுக் கணக்கு எல்லாம் அவர் தலையில். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்று ஐந்து வகுப்பும் ஒரே அறையில். சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றும் விலக்கு. அந்த விலக்கே ஈராசிரியர் பள்ளிக்குப் பாரம்.

“அப்படியானால் அந்தப் பள்ளி மோசம்தானே, எதற்குச் சேர்க்க வேண்டும்?” இதுதான் இருப்பதிலேயே வலுவான மறுப்பு. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக யோசித்தால் அது சரிதான். 58 பேர் இருக்கிற பள்ளியைப் பார்த்துவிட்டு மூன்று குடும்பங்கள் தனித்தனியே “ஆசிரியர் போதாது” என்று திரும்பிப் போகின்றன. மூன்று பேரும் ஒன்றாக வந்திருந்தால் மூன்றாவது ஆசிரியருக்கு அந்தப் பள்ளி தகுதி பெற்றிருக்கும். எண்ணிக்கை கூடியதும் ஆசிரியர் மறுநாளே வந்துவிடுவார் என்று சொல்ல மாட்டேன். காலிப் பணியிடம் காலியாகவே கிடப்பதும் உண்டு. ஆனால் எண்ணிக்கை இல்லாமல் கேட்கக்கூட முடியாது.

ஜூன் 5, வியாழன்

ஆங்கிலம். எங்கே சுற்றினாலும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது. எல்லை தாண்டினால் பெங்களூரு, அங்கே வேலைக்கு ஆங்கிலம் வேண்டும், அந்த ஆசை நியாயமானது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு தொடங்கியாகிவிட்டது. ஈராசிரியர் பள்ளியில் அது பெயரளவில்தான் நிற்க முடியும். என் வாதம் இங்கேயும் மாறாது. ஒரு மொழியில் பொருள் புரிந்து வாசிக்கப் பழகிய குழந்தைக்கு இரண்டாவது மொழியின் எழுத்தைக் கூட்டிப் படிப்பது பாதி வேலை. எந்த மொழியிலும் வாசிக்க வராமல் ஆங்கிலப் புத்தகத்தை மனப்பாடம் ஒப்பிக்கிற குழந்தைக்கு மூன்றாம் வகுப்பில் எதுவும் பிடிபடாது. ஓசூர்க் குழந்தைகள் தெருவிலேயே இரண்டு மூன்று மொழி பேசுகிறார்கள். மொழி அவர்களுக்குப் பயமில்லை.

ஜூன் 11, புதன்

உயர் நீதிமன்றம் நேற்று சொல்லியிருக்கிறது: கல்வி உரிமைச் சட்டத்துக்கான தொகையைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை, மாநில அரசும் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது. இன்று கொஞ்சம் தெம்பாக இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

இணையதளம் திறக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் இல்லை. காத்திருக்கிற குழந்தைகளில் பலர் வீட்டில் இருக்கிறார்கள், சிலர் கடன் வாங்கிய கட்டணத்தில் பள்ளிக்குப் போகிறார்கள்.

25 சதவீத இடம் திறந்தால் அதை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. சட்டம் கொடுத்த உரிமை அது. அதுவரை, அரசுப் பள்ளியைப் பார்க்காமலே ஒதுக்காதீர்கள். தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் பதிவு எத்தனை, வருகை எத்தனை என்று தினமும் எழுதுகிற பலகை இருக்கும். இரண்டு எண்ணுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நால்வரில் மூவர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தத் தாய்மார்களில் ஒருவரிடம் பேசிவிட்டு வாருங்கள். பதில் திருப்தியாக இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போய் ஆகஸ்ட் 1க்கு முன்னால் சேர்த்துவிடுங்கள்.