மேளம் கேட்க ஒரு பயணம்

நாதஸ்வரமும் தவிலும் கேட்பதற்காகவே இரண்டு பெண்கள் கிளிநொச்சியிலிருந்து இணுவில் வரைக்கும் போனோம் என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. நேர்த்தியா, சொந்தக்காரர் வீட்டில் சடங்கா, பெரியாஸ்பத்திரியில் கிளினிக்கா என்றுதான் கேட்கிறார்கள். பெண்ணொருத்தி வீட்டை விட்டு வெளிக்கிடுவதற்கு எங்கள் ஊர் ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் இவைதான். சமூகவியல் படித்தவள் என்பதால் இதைப் பற்றி நீளமாக எழுதக் கை துடிக்கிறது. ஆனாலும் பயணத்துக்கே வருகிறேன்.

2024 ஜனவரி 25, தைப்பூசம். போயா விடுமுறையும் அன்றுதான். எனக்கும் அலுவலகம் இல்லை, என் சிநேகிதி வேலை செய்யும் தையல் நிலையமும் பூட்டு. அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். 2009 மே மாதத்தில் கணவனைக் கடைசியாகக் கண்டவள். அதற்குப் பிறகு எத்தனையோ படிவம் நிரப்பியாயிற்று, பதில்தான் இல்லை. நெற்றியில் பொட்டு வைத்தாலும் ஊர் கதைக்கும், வைக்காவிட்டாலும் கதைக்கும் என்று அவள் சொல்வாள். அவள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவளுடைய தகப்பன் பெரிய மேள ரசிகர். எங்கே மேளச்சமா என்றாலும் மகளைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போவாராம். கண்ணை மூடிக்கொண்டு இருந்து இப்போது அடிக்கிறவர் இந்தத் தவில்காரர் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிடுவாள். இடம்பெயர்ந்தபோது புதுக்குடியிருப்பு வரைக்கும் ஒரு கசெற் பெட்டியைக் காவிக்கொண்டு போனார்கள். அதற்கு அப்பால் கொண்டுபோக முடியவில்லை. இப்போது கைத்தொலைபேசியில் யூரியூப்பில் கேட்கிறாள், பிள்ளை படுத்த பிறகு, காதுக்குள் வைத்து. அவளுக்குப் பிடித்தது இணுவில் பக்கத்துக் குழு ஒன்று. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். பெயரை இங்கே எழுதினால் மற்றக் குழுக்களின் ரசிகைகள் கோவித்துக்கொண்டு ஆசிரியருக்குக் கடிதம் போடுவார்கள், ஆகவே விடுகிறேன். நேரில் அவர்களை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

நான் எத்தனையோ வீடுகளுக்குப் படிவத்தோடு போகிறவள். வருமானம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, நித்திரை வருகிறதா என்றெல்லாம் அந்தப் படிவத்தில் கேள்வி உண்டு. உமக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வி ஒரு பக்கத்திலும் இல்லை.

மாமியாரிடம் அவள் உள்ளதைச் சொன்னாள். "மேளம் கேக்கப் போறன் மாமி, நாளைக்கு வந்திடுவன்." மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொடியனை நான் பாக்கிறன், குளிருக்கு ஒரு சால்வையைக் கொண்டு போ" என்றாராம். பஸ்ஸுக்குள் இதை எனக்கு மூன்று தடவை சொன்னாள்.

ஏ9 வீதியால் பஸ் பரந்தனைத் தாண்டி ஆனையிறவுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் கடல்நீரேரி வெளுத்துக் கிடந்தது. காற்றுக்கு யன்னலை மூட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் நாங்கள் இருவரும் வழமையாகப் பேசுவதில்லை. பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று பனைகளும் தென்னைகளும் வரத் தொடங்கத்தான் அவள் பையைத் திறந்து அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் எடுத்தாள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கி, காங்கேசன்துறை வீதியால் போகும் பஸ்ஸில் மாறி ஏறினோம்.

இணுவிலுக்குள் நுழையும்போது செம்மண் தோட்டங்கள் தொடங்குகின்றன. பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று அமெரிக்க மிஷனரிமார் 1898இல் திறந்த மக்லியொட் ஆஸ்பத்திரி இந்த ஊரில்தான் இருக்கிறது. பக்கத்தில் மருதனார்மடம். அங்கே இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் எத்தனையோ பெண்பிள்ளைகள் வாய்ப்பாட்டும் வீணையும் நடனமும் படித்து வெளிவந்திருக்கிறார்கள். ஆனால் இணுவில் என்றவுடன் ஊர் நினைப்பது மேளத்தைத்தான். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933இல் பிறந்தது இங்கேதான். தகப்பன் விசுவலிங்கமும் தவில்காரர். தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வரக்காரர்கள் கூப்பிட்டு வைத்து வாசித்த கை அது. 1975இல், இன்னும் எவ்வளவோ வாசிக்க வேண்டிய வயதில், போய்விட்டார். வீதியால் நடக்கும்போது ஒரு வீட்டு விறாந்தையில் சின்னப் பொடியன் ஒருவன் பலகையில் தடியால் தட்டிப் பாடம் செய்துகொண்டிருந்தான். சிநேகிதி அப்படியே நின்றுவிட்டாள். "சொல்லைக் கேளடி, எவ்வளவு சுத்தம்!" என்றாள். எனக்கு அது தட்டுகிற சத்தமாகத்தான் கேட்டது.

கந்தசுவாமி கோயிலில் தைப்பூசத்துக்கு மஞ்சத் திருவிழா. மஞ்சம் என்பது மரச் சிற்பங்கள் நிறைந்த, தேரைப் போல உயர்ந்த வாகனம். வெளிச்சத்தில் அதைப் பார்த்தால் ஒவ்வொரு உருவமாகப் பார்த்து முடிய ஒரு இரவு போதாது. நாங்கள் அதையும் பார்த்தோம், பொய் சொல்லக்கூடாது, ஆனால் கால்கள் மேளம் நின்ற பக்கத்துக்கே போயின.

சுவாமி வெளிக்கிட்டதும் மல்லாரி தொடங்கியது. அதில் பாட்டு வரி கிடையாது, கம்பீரநாட்டை ராகமும் தாளமும்தான். பதிவில் கேட்பதற்கும் நேரில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிச் சொல்வது! தவிலின் அடி காதுக்குள் வருவதில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் வருகிறது. தவில்காரரின் வலது கை விரல்களில் கூடுகள், இடது கையில் கழி. தோள் பட்டி வியர்வையில் நனைந்திருந்தது. ஒருவர் ஒரு கோர்வையை வைக்க மற்றவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். வீதி மூலையில் நின்று தனித்தவில் தொடங்கியபோது ஆண்கள் நெருக்கியடித்து முன்னுக்குப் போனார்கள். பெண்கள் வழமைபோல மதில் ஓரம். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வரிசைக்கே போய்விட்டாள்.

அங்கே நின்று அவள் தாளம் போட்டாள். மடித்த சால்வைக்குக் கீழே முதலில், பிறகு வெளியே, எல்லோரும் பார்க்க. பக்கத்தில் நின்ற வயதான ஐயா ஒருவர் தன் தாளத்தை விட்டுவிட்டு இவளுடைய கையைப் பார்த்தார். தீர்மானம் வந்து சரியாக இவளுடைய அடியில் விழுந்ததும், "ஆர் பிள்ளை நீர், எந்த ஊர்?" என்றார். "கிளிநொச்சி ஐயா." "ஆரிட்டைப் பழகினனீர்?" "அப்பாவோட போய்க் கேட்டுத்தான் ஐயா." அவர் தலையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் விலகி அவளுக்கு இடம் விட்டார்.

பிறகு கச்சான் வாங்கிக்கொண்டு இருந்தபோது ஓர் அம்மா வந்து, "அவர் வரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். "இல்லை அம்மா, நாங்கள் ரெண்டு பேரும்தான் வந்தனாங்கள்" என்றாள். அந்த அம்மா போன பிறகுதான் ஒரு கதை சொன்னாள். தங்கச்சியின் கலியாணத்துக்கு நல்ல மேளம் பிடித்திருந்தார்களாம். கெட்டிமேளம் அடிக்கும்போது அவள் குசினிக்குள் நின்றாளாம். "ஒருத்தரும் போகச் சொல்லேல்லை. ஒருத்தரும் வரச் சொல்லவுமில்லை. மேளம் மட்டும் உள்ளுக்கை வந்துது."

மங்கல வாத்தியம் என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு கதவும் இருக்கிறது. மதுரை பொன்னுத்தாய் என்றொரு நாதஸ்வரக் கலைஞர் தமிழ்நாட்டில் இருந்தார். ஆண்களின் வாத்தியம் என்று சொல்லப்பட்டதை எடுத்துக் கோயிலிலும் மேடையிலும் வாசித்துப் பெயர் வாங்கியவர். கணவர் இறந்த பின் வாசிப்பதை நிறுத்திவிட்டார். 2012இல் காலமானார். குழலூதும் மூச்சு அவரிடம் இருந்தது, விரல் இருந்தது. இதை நான் சொன்னபோது சிநேகிதி கச்சானை உடைப்பதை நிறுத்திவிட்டு, "அவவுக்கு எவ்வளவு கை துடிச்சிருக்கும்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அடுத்த மூலையில் நாதஸ்வரம் சண்முகப்பிரியாவைத் தொட்டுவிட்டது, எழும்பி ஓடினோம்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில விசயங்கள். இரவில் பஸ்ஸை நம்ப முடியாது. தெரிந்தவர் வீடு ஒன்றைப் பகலிலேயே ஒழுங்கு செய்யுங்கள். நாங்கள் கோண்டாவிலில் என் பெரியம்மா வீட்டில் தங்கினோம். மலசலகூடம் எங்கே என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வையுங்கள், ஆண்களுக்கு இந்தக் கவலை இல்லாததால் யாரும் இதை எழுதுவதில்லை. தெரிந்த ஓட்டோக்காரரின் இலக்கம் ஒன்று கையில் இருக்கட்டும். கோயில் மேளத்துக்கு ரிக்கற் இல்லை, செலவு பஸ்ஸும் கச்சானும்தான்.

கடைசியில் சினிமாப் பாட்டு கேட்டுக் கூட்டம் சத்தம் போட்டது. சிநேகிதிக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது, சொல்லாமல் இருந்துகொண்டேன். குழு வாத்தியங்களை உறையில் போடும்போது அவள் கிட்டப் போய் மூத்த தவில்காரரிடம், "மல்லாரி நல்லாயிருந்தது அண்ணை, ரெண்டாவது மூலையிலை வைச்ச கோர்வையை முந்தி அப்பாவோட போய்க் கேட்டது" என்றாள். அவர் விரலிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, "அது பழைய கோர்வை தங்கச்சி, இப்ப கேக்கிற ஆக்கள் இல்லை" என்றார்.

மறுநாள் திரும்பும்போது பஸ்ஸில் யன்னல் பக்கம் எனக்குக் கிடைத்தது. அவள் கலண்டரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடிகிறது. அதற்கு ஆறு மாதம் இருக்கிறது. "மாசத்துக்கு இருநூறு ரூபா எடுத்து வைச்சால் காணும் என்ன?" என்று கேட்டாள். இந்தமுறை மாமியையும் கூட்டிக்கொண்டு போவதாம்.