பகற்பொழுதுக்கு ஒரு வீடு

1 ஜூன் 2019, சனி

பிரயாண அலுப்புத் தீருமுன்னரே, நிறுவனத்தார் ஒரு மாதத்துக்கு அமர்த்திக் கொடுத்திருக்கும் இந்தத் தற்காலிக ஜாகையில், நியூ ஜெர்சியின் எந்த ஊரில் குடியமர்வது என்னும் விசாரம் ஆரம்பமாகிவிட்டது. என் கணவருக்கு உத்தியோகம் மன்ஹாட்டனில், பென் ஸ்டேஷனுக்கு அருகில். மகள் செப்டம்பரில் நான்காம் வகுப்பில் சேர வேண்டும். திருச்சியில் கல்லூரியொன்றில் தமிழ் போதித்துக்கொண்டிருந்த எனக்கோ, எச்-4 என்னும் துணைவர் விசாவின் கிருபையால், உத்தியோகம் பார்க்க அனுமதி இல்லை. 2015 முதல் இவ்விசாவில் வந்தவர்களுக்கும் வேலை அனுமதி கிடைக்கிறதென்றாலும், கணவருடைய பச்சை அட்டை மனு ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகே அது சாத்தியம்; எங்கள் மனுவோ இன்னும் எழுதப்படவே இல்லை.

மாலையில் வந்த சிநேகிதர் ஒருவர், டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது, ஃபிரிஸ்கோவில் அனுமாருக்குக் கோயிலே கட்டியிருக்கிறார்கள் என்று அவ்வூரின் மகிமையை விஸ்தாரமாக எடுத்துரைத்தார். எச்-1பி வேலை விசா மனுவில் வேலை செய்யும் இடமும் சேர்ந்தே எழுதப்படுகிறது, வேறொரு பெருநகர்ப் பகுதிக்கு மாறினால் மனுவைத் திருத்தித் தாக்கல் செய்தாக வேண்டும் என்று என் கணவர் சொன்னதும், அனுமார் பிரஸ்தாபம் அத்துடன் முடிந்தது.

4 ஜூன், செவ்வாய்

இந்நாட்டில் வீட்டு விலாசம்தான் குழந்தையின் பள்ளியை நிர்ணயிக்கிறது. இணையத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்; எட்டுக்குக் குறைந்த பள்ளியுள்ள ஊரின் பெயரைக்கூட என் கணவர் உச்சரிக்கச் சம்மதிக்கவில்லை. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லையே என்று நான் சந்தோஷப்பட்டதுண்டு. ஆனால் பள்ளிச் செலவின் பெரும்பகுதி சொத்து வரியிலிருந்தே வருகிறது என்பதையும், அவ்வரியின் சுமையில் நியூ ஜெர்சி நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது என்பதையும், வீட்டுக்காரர் அதை வாடகையோடு சேர்த்தே வசூலித்துவிடுவார் என்பதையும் வைத்துப் பார்த்தால், அந்தக் கட்டணத்தையும் நாம் மாதந்தோறும் செலுத்தத்தான் போகிறோம்.

என் கணவருடைய மனம் வெஸ்ட் விண்ட்சர் - பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தில் போய் நின்றுவிட்டது. 2015ஆம் ஆண்டு அதன் கண்காணிப்பாளர், மாணவர்களின் மனச்சுமையைக் கண்டு கவலையுற்றுப் பெற்றோருக்கு நீண்டதொரு கடிதம் எழுதி, உயர்நிலைப் பள்ளியில் நடுப்பருவத் தேர்வையும் இறுதித் தேர்வையும் எடுத்துவிட்டார் என்று படித்தபோது, ஆசிரியத் தொழில் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அவர்மீது மரியாதை பிறந்தது. தரத்தைக் குறைக்கிறார் என்று பெற்றோரில் ஒரு சாரார் ஆட்சேபித்தார்களாம். அவர்களில் நம்மவர் இல்லாமலா இருந்திருப்பார்கள்!

6 ஜூன், வியாழன்

"நீங்கள் காலை ஏழரைக்குப் புறப்பட்டு இரவு ஏழுக்குத் திரும்புவீர்கள், குழந்தை மூன்று மணிக்கு மேல்தான் வருவாள், பகல் பதினொரு மணிக்கு இந்த வீடும் வீதியும் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்டு, பிளெய்ன்ஸ்பரோவில் பார்த்த குடியிருப்பில் என்னைத் தனியே விட்டுப் போகச் சொன்னேன். வீடு விசாலமானது. சமையலறையில் மாத்திரம், சுருள் கம்பி சிவக்கும் மின்சார அடுப்புக்கு மேலே ஒரு விசிறி இருந்தது. அதைப் போட்டுக் கையை வைத்துப் பார்த்தால், உறிஞ்சிய காற்றை வெளியே அனுப்பாமல் மறுபடியும் என் முகத்திலேயே ஊதியது. நாலு மிளகாய் வற்றல் தாளித்தால் கூரையிலுள்ள புகையறி கருவி ஊரைக் கூட்டிவிடும்.

வெளியே இறங்கி நடந்தேன். புல்வெளிகளுக்கிடையே வளைந்து வளைந்து சென்ற அழகான நடைபாதை, குடியிருப்பின் வாசலோடு நின்றுபோயிற்று. அதற்கப்பால், விரையும் வண்டிகளும் சாலையோரத்து வெள்ளைக் கோடும்தான். அக்கோட்டுக்கு வெளியே ஓர் அடி அகலத்தில், கடை இருக்கும் திசையை நோக்கி நான் நடந்துகொண்டிருக்கையில், ஒரு வெள்ளைக்கார மாது தம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, என் வண்டி பழுதாகிவிட்டதா, யாருக்கேனும் தகவல் சொல்ல வேண்டுமா என்று பரிவோடு விசாரித்தார். கறிவேப்பிலை வாங்கப் புறப்பட்டேன் என்று அவரிடம் எப்படி விளக்குவது? நன்றி கூறித் திரும்பிவிட்டேன்.

9 ஜூன், ஞாயிறு

ஜெர்சி சிட்டி. ஜர்னல் ஸ்குவேரில் பாத் இரயிலேறினால் மன்ஹாட்டன் சமீபம்; இரவு பகல் முழுதும் வண்டி உண்டு; நூவர்க் அவென்யூவில் நம் நாட்டுக் கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. எனக்குப் பிடித்தது. பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்த என் கணவர் வாயே திறக்கவில்லை. வீட்டின் அளவைப் பார்த்த மகள் தன் சைக்கிளை எங்கே வைப்பதென்று கேட்டாள்.

12 ஜூன், புதன்

எடிசன். 1954 வரை ராரிட்டன் டவுன்ஷிப் என்றிருந்த இவ்வூருக்கு, இங்குள்ள மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் வைத்து 1879ல் மின்விளக்கை எரியச் செய்த அந்த மேதையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் ஞாபகார்த்தமாக எழுப்பிய கோபுரத்தின் உச்சியில் பெரிய விளக்கு ஒன்றும் இருக்கிறது. அதை மகளுக்குக் காட்டிவிட்டு, ஓக் ட்ரீ ரோட்டில் இறங்கினோம்.

அழகான வீதி என்று சொல்ல மாட்டேன். வண்டி நிறுத்த இடமில்லாமல் ஹாரன் ஒலிக்கிறது. குஜராத்தியும் ஹிந்தியும் கேட்குமளவுக்குத் தமிழ் காதில் விழவில்லை. ஆனால் நடைபாதை இருந்தது. அதில் மனிதர்கள் நடந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீடுகளிலிருந்து புறப்பட்டு வந்த பெரியவர்கள் ஸ்வெட்டரும் கான்வாஸ் செருப்புமாக நின்று சம்பாஷித்துக்கொண்டிருந்தனர். காய்கறிக் கடையில் புடவைக்கார மூதாட்டி ஒருத்தி, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தே கூடையில் போட்டாள். நானும் இரண்டை ஒடித்தேன். கடைக்காரர் என்னை மட்டும் முறைத்தார்.

15 ஜூன், சனி

ஓக் ட்ரீ ரோட்டின் ஒரு கோடி உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பைச் சேர்ந்த ஐஸ்லின். மறு கோடி எடிசன். எல்லை தாண்டினால் பள்ளி மாவட்டமும் மாறிவிடுகிறது. மதிப்பெண்களை ஒப்பிட்டு எடிசன் பக்கமே வேண்டுமென்றார் என் கணவர். நடந்து போகும் தூரத்தில் கடை இருக்க வேண்டும், கேஸ் அடுப்பு இருக்க வேண்டும் என்றேன் நான். பிளெய்ன்ஸ்பரோவைவிடச் சிறிய வீடுதான் கிடைத்தது. எங்களுக்கு இந்நாட்டில் கடன் வரலாறே இல்லாததால் வீட்டுக்காரர் முதலில் தயங்கி, பிறகு வேலை நியமனக் கடிதத்தைப் பார்த்து இசைந்தார். முன்பணமாக ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்க இம்மாநிலச் சட்டம் இடந்தராது என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

ஜூலை முதல் தேதி குடிபோகிறோம். மகளின் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் பள்ளியில் சேர்க்க மாட்டார்களாம். அதைத் தேடியெடுத்துப் படம் பிடித்து அனுப்பும்படி அத்தைக்குச் சொல்லியாயிற்று. மெட்ரோபார்க் இரயில் நிலையத்திலிருந்து பென் ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகிறதே, நிலையத்துக்குப் போகிற நேரம் வேறு என்று என் கணவர் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார். கார் ஓட்டும் உரிமத்துக்கு நான் குளிர்காலத்துக்குள் படித்துவிடுகிறேன், நிலையத்தில் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். "அவசியம் படி" என்றார், இரயில் அட்டவணையிலிருந்து தலை நிமிராமலே.