குன்னத்தில் கிடைத்த ‘முட்டை’

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று யாரோ கிளப்பிவிட, வாட்ஸ்அப்பில் படம் பறந்தது.

கற்களைப் பார்த்த நிலவியலாளர்கள் சொன்னது வேறு. அம்மோனைட் என்ற கடல் உயிரியின் ஓட்டைச் சுற்றி வண்டல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய உருண்டைகள் அவை. முட்டை இல்லை.

“ப்பூ, வெறும் கல்லுதானா?” என்பதுதான் இந்த மாதிரி சேதிக்கு நம்மவர்களின் உடனடி பதில். இத்தனைக்கும் அம்மோனைட் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்திலேயே அழிந்துபோன இனம். இன்று பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பெரம்பலூர், அரியலூர் மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்ததற்குச் சாட்சி. கிடைத்தது சின்னப் பொருள் இல்லை; கேட்டது அது இல்லை, அவ்வளவே.

வீடுகளில் நடப்பதும் இதுதான். துபாயில் வெயிலில் நிற்கிற மகன் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். தினமும் பேசுவதில்லை என்று அம்மாவுக்கு மனத்தாங்கல். 420 மதிப்பெண்ணோடு வந்த மகளிடம், “பக்கத்து வீட்டுப் பொண்ணு 480” என்கிறார் அப்பா.

எதிர்பார்ப்பே வேண்டாம் என்பது சாமியார் பேச்சு, குடும்பத்துக்கு ஒத்துவராது. குடித்துவிட்டு வருகிற கணவனிடம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் மகனிடமும் மகளிடமும் குறை சொல்லுமுன், அவர்கள் கொடுத்திருப்பதை ஒரு தரம் புரட்டிப் பார்க்கலாம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் போகிறவர்கள் சாத்தனூர் கல்மரத்தையும் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். கல்மரத்தின் நீளம் 18 மீட்டர்.